வெடிக்கும்வரை ஏறு

2015-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்குப் பக்கம் ஒரு பெண் நடந்துபோய்க்கொண்டிருந்தார். ஆளரவமற்ற வறண்ட நிலம். அங்கே ஒரு சின்னப் பெட்டி கேட்பாரற்றுக் கிடந்தது. எடுத்துப் பார்த்தால் உள்ளே ஒரு கைப்பேசி, கேமரா. அந்தப் பெண் செல்பேசி நிறுவனம் ஒன்றில் வேலை பார்ப்பவர். குப்பை என்று தூக்கி எறியாமல் கடைக்குக் கொண்டுபோனார். சிம் கார்டை வைத்து உரிமையாளரைக் கண்டுபிடித்தார்கள்.

உரிமையாளர்கள் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக நண்பர்கள் சிலர். 2013 ஜூனில், டூபா சிட்டி என்ற ஊருக்கு அருகிலிருந்து அந்தப் பெட்டியை ஒரு பலூனில் கட்டி வானத்துக்கு அனுப்பியிருந்தார்கள். ஏறத்தாழ 30 கி.மீ. உயரம் போய், பலூன் வெடித்து, பாராசூட்டில் இறங்கிய பெட்டி, விட்ட இடத்திலிருந்து சுமார் 80 கி.மீ. தள்ளி விழுந்தது. தரைக்கு வந்ததும் தான் கிடக்கும் இடத்தைக் கைப்பேசி குறுஞ்செய்தியில் சொல்லிவிடும் என்பது ஏற்பாடு. விழக்கூடிய பகுதியில் சிக்னல் உண்டு என்று வரைபடமும் சொன்னது. பெட்டி விழுந்த இடத்தில் சிக்னல் இல்லை. செய்தி வரவில்லை. இரண்டு வருடம் அப்படியே கிடந்தது.

மேலே போனது பிசகில்லாமல் போனது. கீழே வந்ததுதான் தொலைந்துபோனது. பலூன் விடும் ஆர்வலர்கள் எந்த நாட்டில் இருந்தாலும், அவர்களுடைய அனுபவத்தை இந்த ஒரு வரியில் சுருக்கிவிடலாம்.

ஏழாயிரம் ரூபாய் வானம்

செலவைக் கேட்டால்தான் முதல் வியப்பு. 2009 செப்டம்பரில் எம்.ஐ.டி. மாணவர்கள் 148 டாலரில் காரியத்தை முடித்தார்கள். அன்றைய மதிப்பில் ஏழாயிரம் ரூபாய் சொச்சம். சாதாரண டிஜிட்டல் கேமரா ஒன்று, ஜி.பி.எஸ். உள்ள மலிவான கைப்பேசி, பானம் குளிர வைக்கும் தெர்மாகோல் பெட்டி, குளிர்நாட்டுக்காரர்கள் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் சூட்டுப் பொட்டலங்கள், ஒரு வானிலை பலூன். கேமராவின் மென்பொருளைச் சற்று மாற்றி, ஐந்து நொடிக்கு ஒரு படம் தானாக எடுக்கும்படி செய்துவிட்டார்கள். அது ஏறத்தாழ 28 கி.மீ. உயரத்தைத் தொட்டுத் திரும்பியது.

அதே ஆண்டு பிப்ரவரியில், ஸ்பெயினின் கத்தலோனியாவில் ஓர் ஆசிரியரும் நான்கு பள்ளி மாணவர்களும் 30 கி.மீ.யைத் தாண்டியிருந்தார்கள். அதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, 2008 டிசம்பரில், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர்கள் நான்கு கரடி பொம்மைகளை அதே உயரத்துக்கு ஏற்றினார்கள். கரடிகளுக்கு விண்வெளி உடை வடிவமைத்தவர்கள் அக்கம்பக்கத்துப் பள்ளிகளின் 11 முதல் 13 வயதுப் பிள்ளைகள். மைனஸ் 50 டிகிரிக்கும் கீழான குளிரில் எந்த உடை சூட்டைக் காக்கிறது என்று பார்ப்பதே சோதனை.

இந்த வித்தை புதிதல்ல. ஆள் ஏறாமல் கருவியை மட்டும் ஏற்றிவிடும் யோசனை 1892-லேயே பிரான்சில் செயலுக்கு வந்துவிட்டது. ஹெர்மீத், பெசான்சோன் என்ற இருவர் சிறு பலூன்களில் கருவிகளைக் கட்டி அனுப்பினார்கள். கண்டெடுப்பவர் தகவல் சொல்ல அஞ்சலட்டை இணைத்தார்கள். அன்றே இந்தக் கலை முன்பின் தெரியாத ஒருவரின் நல்லெண்ணத்தை நம்பித்தான் இருந்திருக்கிறது.

அந்த நம்பிக்கை வீண்போகவில்லை. பாரிஸ் அருகே திராப் என்ற இடத்திலிருந்து தெய்ஸ்ஸரான் தெ போர் என்ற வானிலையாளர் இருநூறுக்கும் மேற்பட்ட பலூன்களை விட்டார். வெயில் பட்டு வெப்பமானி பொய் சொல்லக் கூடாதே என்று பலவற்றை இரவில் விட்டார். மேலே போகப்போகக் குளிர் கூடிக்கொண்டே போகும் என்றுதான் அதுவரை எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஆனால் சுமார் 11 கி.மீ.க்கு மேல் வெப்பநிலை இறங்குவது நின்றுவிடுவதைத் திரும்பி வந்த கருவிகள் காட்டின. 1902-ல் அவர் இதை அறிவித்தார். ஸ்ட்ராட்டோஸ்பியர் என்று நாம் பாடப்புத்தகத்தில் படிக்கும் அடுக்கு அப்படித்தான் நமக்குத் தெரியவந்தது. வானத்தின் ஒரு மாடியையே கண்டுபிடித்தது, ஆளில்லாத பலூன்.

இன்றும் உலகெங்கும் நூற்றுக்கணக்கான வானிலை நிலையங்களில் தினமும் இரண்டு வேளை பலூன் விடுகிறார்கள். கிரீன்விச் நேரப்படி நள்ளிரவும் நண்பகலும் கணக்கு. நமக்கு அது காலை ஐந்தரை, மாலை ஐந்தரை. சென்னை மீனம்பாக்கத்திலும் காரைக்காலிலும் அந்த நேரத்தை ஒட்டி ஒரு வெள்ளைப் பலூன் எழும்பிப் போகிறது. புயல் எந்தப் பக்கம் திரும்பும் என்று தொலைக்காட்சியில் சொல்லும் கணிப்பில் அந்தப் பலூனுக்கும் பங்கு உண்டு. ஆர்வலர்கள் செய்ததெல்லாம், அதே பலூனில் ஒரு கேமராவைத் தொங்கவிட்டதுதான்.

தார்ப்பாயும் தண்ணீர் பாட்டிலும்

பலூன் விடும் காலையைக் கிட்டே போய்ப் பார்ப்போம். காற்று அசையாத விடியல் வேளையைத் தேர்ந்தெடுப்பார்கள். தரையில் தார்ப்பாய் விரித்து, அதன்மேல் பலூனைக் கிடத்துவார்கள். அது ரப்பர் மரத்துப் பாலில் செய்த லேடெக்ஸ் உறை. 1200 கிராம் எடை என்பது பரவலாகப் பயன்படும் அளவு. வெறுங்கையால் யாரும் தொடமாட்டார்கள். பருத்திக் கையுறை போட்டுக்கொள்வார்கள். நகக்கீறலோ மோதிர முனையோ போதும், மேலே அது விரியும்போது அந்த இடத்தில் கிழிந்துவிடும். விரலில் உள்ள எண்ணெய்ப் பசைகூட ரப்பருக்கு ஆகாது.

எவ்வளவு வாயு நிரப்புவது என்பதுதான் சூட்சுமம். இதற்கு ஆர்வலர்கள் கையாளும் வழி அழகானது. நிரப்பும் குழாயின் வாயில் ஒரு பாட்டிலைக் கட்டி, கணக்குப் போட்ட எடைக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். ஹீலியம் ஏற ஏறப் பலூன் நிமிரும். பாட்டில் மெல்லத் தரையை விட்டு எழும்பும். ஏறவும் மாட்டாமல் இறங்கவும் மாட்டாமல் அது அந்தரத்தில் நிற்கும் கணத்தில் வாயுவை நிறுத்திவிடுவார்கள். தராசு என்பதே அந்தப் பாட்டில்தான்.

வாயுவை அதிகம் அடைத்தால் உயரம் அதிகம் கிடைக்கும் என்றுதான் தோன்றும். நடப்பது நேர்மாறு. அதிகம் நிரப்பிய பலூன் வேகமாக ஏறும், ஆனால் தாழ்விலேயே வெடித்துவிடும். குறைவாக நிரப்பியது நிதானமாக ஏறி உயரம் தொடும். ஆனால் அந்த நிதானத்தில் காற்று அதைத் தொலைதூரத்துக்கு அடித்துக்கொண்டு போய்விடும். ஆசைக்கும் அச்சத்துக்கும் நடுவே ஓர் அளவைப் பிடிக்க வேண்டும்.

கணக்கு எளிது. தரை மட்டத்தில் ஒரு கன மீட்டர் ஹீலியம் ஏறத்தாழ ஒரு கிலோவைத் தூக்கும். பலூன் 1200 கிராம், கேமராப் பெட்டியும் பாராசூட்டும் ஒரு கிலோ, மேலே இழுக்கும் உபரி விசைக்காக இன்னும் 800 கிராம். ஆக மூன்று கன மீட்டர். விடும்போது பலூனின் குறுக்களவு ஒரு மனிதனின் உயரம் இருக்கும். இந்த வகைப் பலூன் எட்டரை மீட்டர் குறுக்களவு வரை விரிந்து தாங்கும். அதாவது கன அளவில் நூறு மடங்குக்கு மேல். எனவே வெளியே உள்ள காற்று தரையில் இருப்பதில் நூறில் ஒரு பங்காக இளைக்கும்வரை பலூன் ஏறலாம். அந்த இடம் 32, 33 கி.மீ. உயரத்தில் இருக்கிறது.

சைக்கிள் வேகத்தில் ஒரு விண்பயணம்

கையை விட்டதும் பலூன் நொடிக்கு ஐந்து மீட்டர் வீதம் ஏறுகிறது. மணிக்கு 18 கி.மீ.; சைக்கிள் வேகம். இதில் ஒரு விநோதம் உண்டு. மேலே காற்று இளைக்கிறது, ஆகவே தூக்கும் விசை குறைய வேண்டுமே என்று தோன்றும். ஆனால் காற்று இளைக்கும் அதே விகிதத்தில் பலூன் பருக்கிறது. அது ஒதுக்கித் தள்ளும் காற்றின் எடை மாறுவதே இல்லை. அதனால் ஏறத்தாழ ஒரே நிதானத்தில், சற்றே வேகம் கூடியபடி, கடைசிவரை போகிறது.

அரை மணியில் எவரெஸ்ட் உயரத்தைக் கடந்துவிடும். இன்னும் ஏழெட்டு நிமிடத்தில் பயணிகள் விமானம் பறக்கும் உயரம். அங்கேதான் ஜெட் காற்றோட்டம் ஓடுகிறது. சில நாட்களில் மணிக்கு 200 கி.மீ.க்கும் மேல் வீசும். பெட்டி எந்த மாவட்டத்தில் விழும் என்பதைப் பெரும்பாலும் இந்த அடுக்குதான் தீர்மானிக்கிறது.

குளிரும் இங்கேதான் உச்சம் தொடுகிறது. ஐரோப்பா, அமெரிக்கா மேலே மைனஸ் 56 டிகிரி செல்சியஸ் வாக்கில் இறக்கம் நின்றுவிடும். வெயில் கொளுத்தும் நம் ஊருக்கு மேலேயோ 16, 17 கி.மீ. உயரம் வரை குளிர் இறங்கிக்கொண்டே போய் மைனஸ் 80-ஐத் தொடுகிறது. தரை சூடாக இருப்பதால் காற்று இங்கே அதிக உயரத்துக்குப் பொங்கி எழுகிறது. எழ எழ விரிந்து குளிர்கிறது. சென்னையில் வியர்த்துக்கொண்டு நிற்பவரின் தலைக்கு நேர் மேலே, ஐரோப்பிய வானத்தைவிடக் குளிர்ந்த காற்று நிற்கிறது.

சாதாரண பேட்டரி இந்தக் குளிரில் படுத்துவிடும். லித்தியம் பேட்டரிதான் தாங்கும். ஆனால் அதே பெட்டிக்குள் கேமரா சில நேரம் சூடேறி அணைந்துபோவதும் உண்டு. சூட்டை எடுத்துப்போகக் காற்று வேண்டுமே. அங்கே காற்றே அரிது. பெட்டிக்குள் இருந்த ஈரம் கண்ணாடியில் பனியாகப் படிந்து அத்தனை படங்களையும் மங்கலாக்கிவிடுவது இன்னொரு வழக்கமான சோகம். அதற்காகவே புது செருப்புப் பெட்டியில் வருமே, அந்தச் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்துவைத்து உள்ளே போடுகிறார்கள்.

18 கி.மீ. உயரத்தில் வேறொரு கண்ணி. பல ஜி.பி.எஸ். கருவிகள் அங்கே திடீரென்று ஊமையாகிவிடும். பழுது காரணமில்லை; சந்தேகம்தான் காரணம். யாராவது ஏவுகணைக்கு வழிகாட்டப் பயன்படுத்திவிடக் கூடாது என்று வேகத்துக்கும் உயரத்துக்கும் வரம்பு வகுத்த பழைய விதி ஒன்று உண்டு. இரண்டையும் ஒருசேர மீறினால்தான் நிறுத்த வேண்டும். சில தயாரிப்பாளர்கள் உயரத்தை மட்டும் மீறினாலே நிறுத்திவிடுகிறார்கள். சைக்கிள் வேகத்தில் போகும் ரப்பர் பலூனை ஏவுகணை என்று அந்தக் கருவி எடுத்துக்கொள்கிறது. விவரம் தெரிந்தவர்கள் உயரத்திலும் வேலை செய்யும் கருவியைத் தேடி வாங்குகிறார்கள். கைப்பேசியோ கொஞ்ச உயரத்திலேயே தொடர்பை இழந்துவிடும். கோபுரங்களின் அலைகள் தரையில் இருப்பவர்களுக்காகவே வீசப்படுபவை. அதனால் அனுபவசாலிகள் சிறிய ரேடியோ ஒன்றையும் சேர்த்து அனுப்புவார்கள்.

19 கி.மீ.யைத் தாண்டினால் காற்றழுத்தம் எவ்வளவு குறைவு என்றால், நம் உடல் சூட்டிலேயே தண்ணீர் கொதித்துவிடும். பாதுகாப்பு உடை இல்லாத மனிதனுக்கு அது எல்லைக்கோடு. பலூனுக்கு அங்கே பாதித் தூரம்தான் முடிந்திருக்கிறது.

இரண்டரை மில்லிமீட்டர்

ஒன்றரை மணிக்குச் சற்று மேல் ஆனதும் வருகிறது, இத்தனை பாடும் எதற்காகவோ அந்தக் காட்சி. பட்டப்பகலில் வானம் கறுத்திருக்கிறது. வானம் நீலமாகத் தெரிவதே காற்று வெளிச்சத்தைச் சிதறடிப்பதால்தான். அந்தக் காற்றில் 99 சதவீதம் இப்போது கேமராவுக்குக் கீழே. அடிவானம் 600 கி.மீ.க்கும் அப்பால் தள்ளிப்போயிருக்கிறது. அளவு பிடிபட வேண்டுமானால், மதுரைக்கு மேலே அந்த உயரத்தில் நிற்பதாக எண்ணிக்கொள்ளலாம். மேகம் மறைக்காவிட்டால் தமிழ்நாடு, கேரளம், பெங்களூரு, இலங்கைத் தீவின் தென்முனை எல்லாம் ஒரே வட்டத்துக்குள் அடங்கும்.

பூமியின் வளைவு தெரிகிறது. 1935 நவம்பர் 11 அன்று எக்ஸ்ப்ளோரர் 2 என்ற ராட்சத பலூனில் 22 கி.மீ. உயரம் ஏறிய இரு அமெரிக்க ராணுவ அதிகாரிகள் இந்த வளைவைப் படமெடுத்தபோது அது உலகச் செய்தி. அவர்களுடைய பலூனுக்கு ஒரு லட்சம் கன மீட்டர் கொள்ளளவு. இன்று மூன்று கன மீட்டரில் பள்ளிப் பிள்ளைகள் அதையும் தாண்டுகிறார்கள்.

ஆனால் படத்தை நம்புவதிலும் ஒரு நிதானம் வேண்டும். அகலக்கோண லென்ஸ் நேர்கோட்டையும் வளைத்துவிடும். அடிவானம் படத்தின் மேற்பாதியில் விழுந்தால் பூமி பந்து போலப் பிதுங்கும். கீழ்ப்பாதியில் விழுந்தால் அதே பூமி கிண்ணம் போலக் குழிந்துவிடும். பெட்டி ஆடிக்கொண்டே போவதால் ஒரே காணொளியில் இரண்டையும் பார்க்கலாம். அடிவானம் படத்தின் நட்ட நடுவே ஓடும் கணத்தில் தெரியும் மென்மையான வளைவுதான் உண்மை வளைவு.

இது விண்வெளியா? இல்லை. விண்வெளியின் தொடக்கம் என்று வழக்கில் கொள்ளும் கோடு 100 கி.மீ. உயரத்தில் இருக்கிறது, பலூன் அதில் மூன்றில் ஒரு பங்குக்கு வந்திருக்கிறது. பூமியைச் சுற்ற வேண்டுமானால் மணிக்கு 28,000 கி.மீ. வேகமும் வேண்டும். இதை விண்வெளியின் வாசல் என்று சொல்வதே மிகை; தெருமுனை என்று சொல்லலாம்.

அப்படியானால் இந்தப் படம் மனசை ஏன் இப்படிப் பிடித்து நிறுத்துகிறது? ஒரு மீட்டர் குறுக்களவுள்ள உலக உருண்டையைக் கற்பனை செய்யுங்கள். மேசை மேல் வைத்தால் ஆளுயரம் வரும். அந்த உருண்டையில் 30 கி.மீ. என்பது இரண்டரை மில்லிமீட்டர்கூட இல்லை. கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் ஏறி, ஏறி, பலூன் உயர்ந்தது அவ்வளவுதான். ஆனால் அந்த இரண்டரை மில்லிமீட்டருக்குள்தான் பூமியின் காற்று அனைத்தும், ஒரு சதவீதம் போக, அடங்கியிருக்கிறது. மழை, புயல், பறவை, விமானம், நம் மூச்சு, எல்லாம் அதற்குள். படத்தில் கறுப்புக்கும் பூமிக்கும் இடையே தெரியும் மெல்லிய நீலக் கோடு அதுதான். உயரத்தைப் படம்பிடிக்கப் போனவர்கள் காற்றின் மெலிவைப் படம்பிடித்துக்கொண்டு வருகிறார்கள்.

அந்த உயரத்தில் எதுவுமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 2005-ல் ஹைதராபாதிலிருந்து இந்திய விஞ்ஞானிகள் அனுப்பிய பெரிய ஆய்வு பலூன் 20 முதல் 41 கி.மீ. உயரம் வரை காற்றைச் சேகரித்து வந்தது. அதில் உயிருள்ள நுண்ணுயிரிகள் இருந்தன. அவற்றில் மூன்று அதுவரை அறியப்படாத இனங்கள். ஒன்றுக்கு இஸ்ரோவின் பெயரும் இன்னொன்றுக்கு ஆரியபட்டரின் பெயரும் வைத்தார்கள்.

விழுந்த இடம்

பிறகு பலூன் வெடிக்கிறது. எதிலும் மோதுவதில்லை, யாரும் குத்துவதில்லை. வெளியே அமுக்கிப் பிடித்திருந்த காற்று இல்லாமல் போனதால் விரிந்து விரிந்து, தோல் இருபது மடங்குக்கு மேல் மெலிந்து, ஒரு கணத்தில் நூல்நூலாகச் சிதறுகிறது. பாராசூட் இருந்தும் முதலில் பயனில்லை; அது பிடித்துக்கொள்ளக் காற்று வேண்டுமே. பெட்டி மணிக்கு 150 கி.மீ.க்கும் மேலான வேகத்தில் பாய்ந்து இறங்குகிறது. கீழே வர வரக் காற்று கெட்டிப்பட்டு, பாராசூட்டைத் தாங்கி, தரைக்கு வரும்போது ஏறிய அதே சைக்கிள் வேகத்தில் கொண்டுவந்து விடுகிறது.

எங்கே? அதுதான் கேள்வி. காற்றின் போக்கைக் கொண்டு விழும் இடத்தை முன்கூட்டிக் கணிக்கும் மென்பொருள்கள் உண்டு. கேம்பிரிட்ஜ் மாணவர்கள் எழுதியது உலகெங்கும் புழங்குகிறது. ஆனால் மரமா, ஏரியா, யார் வீட்டுக் கூரையா என்பதைக் கணினி சொல்லாது. 2010-ல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியைச் சேர்ந்த ஒரு தந்தையும் ஏழு வயது மகனும் அனுப்பிய பெட்டி, ஏறத்தாழ 50 கி.மீ. தள்ளி ஓர் உயரமான மரத்தில் சிக்கிக்கொண்டது. இருட்டில், கேமராவின் சிறு விளக்கு மினுக்கியதை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள்.

வானம் எல்லோருக்கும் பொது என்பதால் அனுமதியும் கட்டாயம். விமானப் பாதைகளின் ஊடே பலூன் ஏறிப் போகிறது. இந்தியாவில் விமானப் போக்குவரத்து அதிகாரிகளின் ஒப்புதல் இல்லாமல் விடக் கூடாது. முறைப்படி செய்தவர்கள் தமிழ்நாட்டிலும் உண்டு. 2021 பிப்ரவரி 7 அன்று ராமேஸ்வரத்தில், மாணவர்கள் செய்த நூறு குட்டிச் செயற்கைக்கோள்கள் ஹீலியம் பலூனில் ஏறின. அவை சுற்றுப்பாதைக்குப் போகவில்லை. போகும் உத்தேசமும் இல்லை. சுதந்திரத்தின் 75-ஆம் ஆண்டு நிறைவில், 2022 ஆகஸ்டில், சென்னையின் ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா அமைப்பின் பலூன் 30 கி.மீ. உயரத்தில் தேசியக்கொடியை விரித்தது.

எந்த நாட்டில் விட்டாலும், பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் ஒரு தாள் ஒட்டுவது வழக்கம்: இது ஆபத்தில்லாத பொருள், கண்டெடுத்தால் இந்த எண்ணுக்குத் தகவல் சொல்லவும். 1892-ன் அஞ்சலட்டையின் வாரிசு அது. ஏற்றிவிடும் வேலையை ஹீலியம் பார்த்துக்கொள்ளும். அதற்கு விதிகள் உண்டு, கணக்கு உண்டு. திருப்பித் தரும் வேலைக்கு அப்படி எந்தச் சூத்திரமும் கிடையாது.

அரிசோனாப் பெட்டியின் கேமராவில் படங்கள் கெடாமல் இருந்தன. ஒன்றரைக் கி.மீ.க்கும் மேல் ஆழமுள்ள கிராண்ட் கேன்யன், சுவரில் விட்ட விரிசல் போல அவற்றில் தெரிகிறது. பெட்டி விழப்போகும் இடம் அங்கிருந்து பார்த்தால் வெகு பக்கம். அந்தப் படங்களில் அதுவும் எங்கோ பதிந்துதான் இருக்க வேண்டும். இரண்டு வருடம் தெரியாமலிருந்த இடத்தின் படம், தொலைந்த பெட்டிக்குள்ளேயே கிடந்தது. அதை எடுத்துத் தர, அந்த வழியாக ஒருவர் நடந்து வர வேண்டியிருந்தது.